பழுதைத் தேடிய பரம்பரை

பம்பாய் நகரின் தென்கோடியில், அரபிக் கடலை நோக்கி நீண்டு கிடக்கும் கொலாபா முனையில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் 1962-ஆம் ஆண்டில் தனக்கென எழுப்பிய புதிய மாளிகையில் நிலைபெற்றபோது, அங்கே நடமாடியவர்கள் பெரும்பாலும் கணித விற்பன்னர்களும் பௌதிக சாஸ்திரிகளுமே. வானிலிருந்து பொழியும் காஸ்மிக் கதிர்களைத் தொடர்ந்தவர்களும், அணுவின் உட்கருவைத் துருவியவர்களும், சொந்த முயற்சியால் ஒரு கணிப்பொறியையே அமைத்து இயக்கியவர்களும் நிறைந்திருந்த அந்த ஸ்தாபனத்துக்கு, அதே ஆண்டில், பூசணத்தையும் பாக்டீரியாவையும் ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்ட முப்பது வயதான ஒருவர் வந்து சேர்ந்தார். அவர் பெயர் ஒபைத் சித்திகி. ஐக்கிய மாகாணத்தின் பஸ்தி ஜில்லாவில் 1932-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 7-ஆம் தேதி பிறந்து, அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் தாவர சாஸ்திரம் பயின்று, கிளாஸ்கோவில் டாக்டர் பட்டமும் அமெரிக்காவில் மேற்பயிற்சியும் பெற்றுத் திரும்பிய அவரைக் கொண்டு, மூலக்கூறு உயிரியலுக்கென்று ஒரு தனிப் பிரிவை நிலையத்தின் இயக்குநரான ஹோமி பாபா அங்கே நிறுவினார். நம் நாட்டு விஞ்ஞான சரித்திரத்தை எழுதுவோர் அணு உலைகளுக்கும் ராக்கெட்டுகளுக்கும் அளிக்கும் இடத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட இந்த நிகழ்ச்சிக்கு அளிப்பதில்லை. அது பெருங்குறை என்று நான் கருதுகிறேன். இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அக்குறையே.

சித்திகி கொண்டுவந்தது கருவிகளையோ மூலதனத்தையோ அன்று. ஒரு தொழில் வழக்கத்தை. மரபியல் என்னும் சாஸ்திரத்துக்கென்றே உரிய அந்த வழக்கம் இன்னதென்று முதலில் அறிந்துகொண்டால்தான் அவருடைய ஐம்பதாண்டு உழைப்பின் போக்கு விளங்கும். உடற்கூற்று நூலார் ஓர் உறுப்பை அறுத்துப் பார்த்து அறிகிறார். ரசாயனி ஒரு பொருளைப் பிரித்தெடுத்துச் சுத்தம் செய்து அறிகிறார். மரபியலாரோ உயிரை அறுக்காமலும் பிரிக்காமலும், ஆயிரமாயிரம் உயிர்களுக்கு நடுவே பிறவியிலேயே ஏதேனும் ஒன்றில் குறைபட்ட ஓர் உயிரைத் தேடிப் பிடித்து, அந்தக் குறை சந்ததிகளில் எவ்வாறு இறங்குகிறது என்று எண்ணிக் கணக்கிட்டு, அக்கணக்கிலிருந்தே முழுமையான உயிரின் இயக்கத்தை ஊகித்து நிறுவுகிறார். நியூயார்க்கில் தாமஸ் ஹண்ட் மார்கன் 1910-ஆம் ஆண்டில் சிவந்த கண்களையுடைய பழ ஈக்களுக்கிடையே வெண்மையான கண்களுடன் பிறந்த ஒரேயோர் ஆண் ஈயைக் கண்டெடுத்ததும், அதன் வம்சத்தை எண்ணி, கண்ணின் நிறத்தை நிர்ணயிக்கும் காரணி ஆண்பெண் பேதத்துக்குரிய குரோமோசோமில் இருக்கிறதென்று காட்டியதும் இந்த வழக்கத்தின் தலையாய உதாரணங்கள். அவருடைய சீடர் ஹெர்மன் முல்லர் 1927-இல், எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சினால் இத்தகைய குறைகளை நாமே வேண்டிய அளவு உண்டாக்கிக்கொள்ளலாம் என்று நிரூபித்தார். காத்திருந்து கண்டெடுக்க வேண்டியதாயிருந்த சடுதிமாற்றம் அன்று முதல் பரிசோதனைச் சாலையின் விளைபொருளாயிற்று.

முல்லர் தம் அலைச்சல் மிகுந்த வாழ்க்கையில் 1937 முதல் மூன்றாண்டுக் காலம் எடின்பரோவில் தங்கியிருந்தார். இத்தாலியில் முஸோலினியின் இனச் சட்டங்களால் உத்தியோகம் இழந்து 1938-இல் அந்நகரை அடைந்த கைடோ பான்டெகார்வோ என்னும் யூத இளைஞர் முல்லரைச் சந்தித்து, அவர்பால் மரபியலின் சூட்சுமங்களைக் கற்றார். பான்டெகார்வோவின் சகோதரர்களில் ஒருவர் சோவியத் நாட்டுக்குச் சென்றுவிட்ட பௌதிக நிபுணர் புரூனோ. மற்றொருவர் அல்ஜீரிய விடுதலைப் போரைத் திரைப்படமாக்கிய கில்லோ. இப்படி ஒரு குடும்பத்திலிருந்து வந்த பான்டெகார்வோ யுத்தம் முடிந்ததும் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மரபியல் துறையைத் தோற்றுவித்து, ஆஸ்பெர்ஜில்லஸ் நிடுலன்ஸ் என்னும் பச்சைப் பூசணத்தைத் தம் ஆய்வுப் பொருளாக ஏற்றார். ஈயைவிடப் பூசணம் விரைந்து பெருகும். ஒரு தட்டில் லட்சக்கணக்கான வித்துகளைப் பரப்பலாம். அவற்றுள் வேண்டியதொன்று மட்டுமே முளைக்குமாறு ஊட்டத்தை மாற்றி அமைக்கலாம். பெருந்தொகையில் எண்ணுவதற்கு வசதியான உயிர் எதுவோ அதுவே மரபியலாருக்கு உகந்த உயிர்.

அந்நாளில் மரபியலின் மையத்தில் நின்ற வினா ஒன்று உண்டு. மரபணு என்பது பிளக்க முடியாத ஒரே அலகா, அல்லது அதற்குள்ளும் அமைப்பு உண்டா? பழைய கொள்கைப்படி, மறுசேர்க்கையில், அதாவது குரோமோசோம்கள் தம்முள் பகுதிகளை மாற்றிக்கொள்ளும்போது, முறிவு இரண்டு மரபணுக்களுக்கு இடையில்தான் நிகழும். மரபணுவின் நடுவே நிகழாது. கிளாஸ்கோவில் ரோப்பர் முதலியோர் ஐம்பதுகளின் தொடக்கத்திலேயே இக்கொள்கைக்கு மாறான சான்றுகளைக் காட்டத் தொடங்கிவிட்டனர். பூசணத்தில் ஒரே மரபணுவுக்குள் இரண்டு வெவ்வேறு இடங்களில் பழுதுற்ற இரண்டு வகைகளைக் கலந்தால், மிக அபூர்வமாக, பழுதற்ற சந்ததி ஒன்று தோன்றிற்று. அப்படித் தோன்ற வேண்டுமானால் முறிவு அந்த மரபணுவுக்கு உள்ளேயே நிகழ்ந்திருக்க வேண்டும் அல்லவா?

இதே வினாவை அட்லாண்டிக்குக்கு அப்பால் வேறொருவர் வேறொரு வழியில் தொடுத்தார். அவரும் நம் கதையில் மீண்டும் வருபவராதலால் இங்கே சற்று நின்று சொல்ல வேண்டும். சீமோர் பென்ஸர் நியூயார்க் நகரின் புரூக்ளினில் 1921-இல் பிறந்தவர். ஜெர்மேனியம் என்னும் அரைக் கடத்தியை ஆராய்ந்த பௌதிக மாணவர். எர்வின் ஷ்ரோடிங்கர் உயிரைப் பற்றி எழுதிய சிறு நூலைப் படித்து உயிரியலுக்குத் திரும்பியவர். பாக்டீரியாவைத் தாக்கி அழிக்கும் டி4 என்ற வைரஸில் அவர் கண்ட ஒரு வகைச் சடுதிமாற்றத்துக்கு விசேஷ குணம் ஒன்று இருந்தது. அந்தப் பழுதுடைய வைரஸ் ஒரு பாக்டீரியா வகையில் பெருகும். மற்றொரு வகையில் பெருகவே பெருகாது. ஆகவே வெவ்வேறு பழுதுடைய இரண்டு வைரஸ்களை முதல் வகையில் ஒன்றாக வளர்த்து, விளைந்ததை இரண்டாம் வகையின்மேல் பரப்பினால், மறுசேர்க்கையால் பழுது நீங்கிய வைரஸ் கோடியில் ஒன்றே இருந்தாலும், அது தானாகவே பாக்டீரியாவை அழித்து ஒரு தெளிந்த வட்டமாகக் கண்ணுக்குப் புலப்படும். இந்த எளிய யுக்தியைக் கொண்டு பென்ஸர் 1955-க்குப் பின்வந்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான சடுதிமாற்றங்களை ஒரே மரபணுப் பிரதேசத்துக்குள் வரிசைப்படுத்தி, மரபணுவின் உள்வரைபடத்தை டி.என்.ஏ.வின் தனித்தனி எழுத்து என்ற அளவு வரைக்கும் நெருங்கிச் சென்றார். மரபணு பிளவுபடாத அணு என்ற எண்ணம் அதன்பின் நிற்க இடமில்லாமற் போயிற்று.

சித்திகி கிளாஸ்கோவை அடைந்தது இந்தச் சூழ்நிலையில்தான். பாரா அமினோ பென்ஸாயிக் அமிலத்தைத் தானே தயாரிக்க இயலாத பூசண வகைகளை எடுத்துக்கொண்டு, அக்குறைக்குக் காரணமான மரபணுப் பகுதியின் நுண்ணமைப்பை அவர் வரைந்தார். அதன் பயனாக 1961-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு அவ்வாராய்ச்சி அச்சில் வந்தது. அதில் அவர் கண்ட விசேஷம் ஒன்று: மரபணுவுக்குள் நிகழும் மறுசேர்க்கை எல்லா இடங்களிலும் ஒரே சீராக நிகழவில்லை, ஒரு முனையிலிருந்து மறுமுனையை நோக்கி அதற்கு ஒரு திசை இருந்தது. போலந்து நாட்டு ஆராய்ச்சியாளர் புட்ராமென்ட் என்பவருடன் சேர்ந்து 1963-இல் அவர் வெளியிட்ட கட்டுரை இவ்விஷயத்தை இன்னும் தெளிவாக்கியது. மறுசேர்க்கை என்பது டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட இடங்களில் தொடங்கி ஒரு திக்கில் பரவும் ரசாயனக் காரியம் என்ற பிற்காலக் கருத்துக்கு இத்தகைய கணக்குகளே அடித்தளமாயின.

கிளாஸ்கோவிலிருந்து அவர் பிலடெல்பியா சென்றார். அங்கே பென்ஸில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆலன் கேரனுடன் அவர் செய்த காரியமே அவர் பெயரை மூலக்கூறு உயிரியலின் சரித்திரத்தில் முதன்முதலாகப் பொறித்தது. டி.என்.ஏ.வில் உள்ள நான்கு எழுத்துகள் மும்மூன்றாகச் சேர்ந்து ஒரு சொல் ஆகின்றன என்றும், ஒரு சொல் புரதத்தில் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கிறது என்றும் கிரிக், பிரென்னர் முதலியோர் 1961-இல் பென்ஸரின் வைரஸைக் கொண்டே நிரூபித்தார்கள். ஆனால் இவ்வாறு அமையக்கூடிய 64 சொற்களும் பொருளுடையனவா என்பது தெரியாதிருந்தது. கேரனும் சித்திகியும் ஈ. கோலை பாக்டீரியாவில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதியை ஆராய்ந்தார்கள். அந்நொதியின் மரபணுவில் பழுதுற்ற பாக்டீரியாக்கள் பல, குறைபாடுள்ள நொதியையேனும் ஆக்கின. சிலவோ நொதிப் புரதத்தையே ஆக்கவில்லை. இந்தச் சிலவற்றின் பழுதுற்ற மரபணுவை அப்படியே வேறொரு பாக்டீரியா வகைக்கு மாற்றியபோது நொதி மீண்டும் தோன்றிற்று. மரபணு திருந்தவில்லை, பழுது இருந்த இடத்திலேயே இருந்தது, எங்கோ வேறிடத்தில் உள்ள மற்றொரு மரபணு அந்தப் பழுதை அடக்கிவிட்டது.

இதன் பொருளை ஏட்டுச் சுவடி எழுதிய பழங்காலத்து லிகிதரைக் கொண்டு விளக்கலாம். சுவடியில் ஓர் எழுத்து சிதைந்து பொருளற்ற சொல்லாகிவிட்டால், லிகிதர் அவ்விடத்திலேயே எழுத்தாணியை வைத்துவிட்டு எழுந்துபோகிறார். பிரதி பாதியில் நின்றுவிடுகிறது. வேறொரு லிகிதரோ அந்தப் பொருளற்ற சொல்லையும் ஏதோ ஒரு சொல்லாக வாசித்து மேலே எழுதிச் சென்று பிரதியை முடித்துவிடுகிறார். சுவடி ஒன்றே, வாசிப்பவர் வேறு. பாக்டீரியாவுக்குள் அவ்வாறு வாசிப்பது, மூன்றெழுத்துச் சொல்லை அறிந்து அதற்குரிய அமினோ அமிலத்தைக் கொண்டுவந்து சேர்க்கும் சிறு ஆர்.என்.ஏ. மூலக்கூறு என்பதும், அடக்கும் மரபணு அந்த மூலக்கூறையே மாற்றி அமைக்கிறது என்பதும் 1965 முதலாகப் பிறர் செய்த பரிசோதனைகளால் உறுதியாயின. கேரன், சித்திகி கட்டுரை வெளிவந்த 1962-ஆம் ஆண்டிலேயே பென்ஸரும் சேம்பியும் வைரஸில் இதே போன்ற முடிவை எட்டினார்கள். வாசிப்பைப் பாதியில் நிறுத்திவிடும் இந்தப் பொருளற்ற சொற்களின், அதாவது நிறுத்தற் சொற்களின், எழுத்துகள் எவை என்பதை 1965-இல் ஒருபுறம் கேம்பிரிட்ஜில் பிரென்னரும் சகாக்களும் கண்டறிய, மறுபுறம் கேரனும் வைகர்ட்டும், சித்திகி கையாண்ட அதே நொதியைக் கொண்டே கண்டறிந்தனர். இன்று மருத்துவர்கள், ஒரு மரபணுவில் இடையிலே நிறுத்தற் சொல் தோன்றியதால் உண்டாகும் பிணிகளுக்கு, அந்நிறுத்தத்தைத் தாண்டி வாசிக்கச் செய்யும் மருந்துகளைத் தேடுகிறார்களே, அத்தேட்டத்தின் மூல வேர் இந்தப் பரிசோதனைகளில் இருக்கிறது.

இவ்வளவு கீர்த்தி பெற்ற ஓர் இளைஞருக்கு அமெரிக்காவில் இடம் கிடைப்பது அரிதாக இருந்திராது. அணுவின் தொடர்வினையை 1933-இலேயே மனத்தில் உருவகித்தவரும், யுத்தத்துக்குப் பின் அணு ஆயுதத்தை வெறுத்து உயிரியலில் புகுந்தவருமான லியோ சிலார்ட், சித்திகியின் ஆற்றலை அறிந்து பாபாவுக்கு எழுதினார். பாபா தயங்கவில்லை. ஒரு பௌதிகர் மற்றொரு பௌதிகருக்கு எழுதிய கடிதத்தால் நம் நாட்டில் மூலக்கூறு மரபியலுக்கு அஸ்திவாரம் இடப்பட்டது என்பது நினைக்கத் தக்கது. அதே பத்தாண்டுக் காலத்தில் சென்னையிலும் வேறொரு வாசல் திறந்திருந்தது. கொலாஜன் புரதத்தின் மூவிழைச் சுருளை 1954-இல் கண்ட ஜி. என். ராமச்சந்திரன், புரதச் சங்கிலி எவ்வெவ்வாறு மடங்கக்கூடும் என்பதைக் காட்டும் வரைபடத்தைத் தம் சகாக்களோடு 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியிட்டார். உருவத்தின் வழியே உயிரை நாடியது சென்னை; பரம்பரையின் வழியே நாடியது பம்பாய். இரண்டுக்கும் இடையே போக்குவரத்து இன்னும் அதிகமாக இருந்திருக்கலாகாதா என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

பாபா புதிய துறைகளைத் தொடங்கிய முறையில் ஒரு தெளிவு இருந்தது. முதலில் துறையை வகுத்து, கட்டடத்தைக் கட்டி, பதவிகளை அமைத்து, பிறகு ஆட்களைத் தேடுவதற்குப் பதிலாக, தகுதியுள்ள ஒருவரைக் கண்டுகொண்டு, அவரைச் சுற்றித் துறை தானாக வளரும்படி விட்டுவிடுவதே அவர் கொள்கை. சித்திகியின் பிரிவு சிறியதாகவே தொடங்கி, சிறியதாகவே பல ஆண்டுகள் இருந்தது. 1966-ஆம் ஆண்டு ஜனவரியில் மான்ட் பிளாங்க் மலைமேல் நிகழ்ந்த விமான விபத்தில் பாபா மாண்டபோது, அந்தப் பிரிவுக்கு வயது நான்கு. புரவலர் மறைந்ததும் புதுப் பிரயத்தனங்கள் வாடிப்போவது நம் நாட்டில் வழக்கம், இது வாடவில்லை. பாக்டீரியாக்கள் இணையும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் டி.என்.ஏ. இழை பெறும் பாக்டீரியாவின் குரோமோசோமில் எவ்வாறு பதிகிறது என்பதை ஆராய்ந்து, மாரிஸ் ஃபாக்ஸுடன் சித்திகி 1973-இல் வெளியிட்ட கட்டுரை அக்காலத்து உழைப்பின் கனி.

அதற்குள் மூலக்கூறு உயிரியலின் முன்னோடிகள் பலருக்கு ஒரு மனத்திருப்பம் நேர்ந்திருந்தது. மூன்றெழுத்துச் சொற்களாலான மரபுச் சங்கேதம் முழுவதும் வாசிக்கப்பட்டுவிட்டது; மரபணு எவ்வாறு புரதமாகிறது என்பதன் பெருவழி தெரிந்துவிட்டது; இனி எஞ்சியிருப்பது மனிதனும் விலங்கும் நடந்துகொள்ளும் விதம், அதாவது நரம்பு மண்டலம், என்று அவர்கள் கருதினார்கள். பிரென்னர் ஒரு நுண்புழுவை மேற்கொண்டார். பென்ஸர் கலிபோர்னியாவின் பாஸடீனா நகரில் கால்டெக் என்று வழங்கும் கல்வி நிலையத்தில் அமர்ந்து, மார்கனின் பழைய பழ ஈயை மீண்டும் கையிலெடுத்தார். ஈயின் நடத்தையை நிர்ணயிக்கும் தனித்தனி மரபணுக்களைக் கண்டுபிடிக்கலாம் என்று அவர் சொன்னபோது நம்பாதவர்கள் பலர். ஆனால் 1971-இல் அவருடைய மாணவர் கோனொப்கா, ஈயின் நாட்கடிகாரத்தை 19 மணியாகச் சுருக்கும் ஒரு மாற்றத்தையும், 28 மணியாக நீட்டும் ஒன்றையும், கடிகாரத்தையே அழித்துவிடும் மற்றொன்றையும் கண்டு, மூன்றும் ஒரே மரபணுவில் நேர்ந்த பழுதுகள் என்று நிறுவியபோது சந்தேகம் அடங்கத் தொடங்கிற்று. அம்மரபணுவைத் தொடர்ந்து ஆராய்ந்தவர்களுக்கு 2017-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. பென்ஸர் அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டார்.

சித்திகி எழுபதுகளின் தொடக்கத்தில் பாஸடீனா சென்று பென்ஸருடன் சேர்ந்தார். நாற்பது வயதில், பாக்டீரியாவில் பெற்ற தேர்ச்சியை ஒதுக்கி வைத்துவிட்டு, நரம்பு நூலின் அரிச்சுவடியிலிருந்து கற்கத் துணிந்த அந்தத் தீரத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். அங்கே அவர் எடுத்துக்கொண்டவை, வெப்பம் ஏறினால் முடங்கிவிழும் ஈக்கள். கனடாவின் வான்கூவரில் டேவிட் சுஸுகியின் குழுவினர் முன்பே பாரா, ஷிபிரே என்னும் இரண்டு வகைகளைக் கண்டிருந்தனர். கோமடோஸ் என்னும் மூன்றாவது பாஸடீனாவில் கிடைத்தது. சாதாரண வெப்பநிலையில் இவை பிற ஈக்களைப் போலவே பறந்து திரியும்; சுமார் 29 டிகிரிக்கு மேல் சூடேற்றினால் பாரா ஈ சில விநாடிகளுக்குள் கால் மடங்கி விழும்; குளிர்ந்ததும் எழுந்து நடக்கும். கோமடோஸ் ஈயோ விழுந்தால் நெடுநேரம் எழாது.

இத்தகைய ஈக்களைத் தேடும் முறையும் அழகானது. ஆண் ஈக்களுக்குச் சடுதிமாற்றம் விளைக்கும் ரசாயனத்தை ஊட்டி, எக்ஸ் குரோமோசோம்கள் இரண்டும் ஒன்றாக ஒட்டியிருக்கும் பெண் ஈக்களோடு கூட்டுவார்கள். வழக்கமாக மகன் தன் எக்ஸ் குரோமோசோமைத் தாயிடமிருந்து பெறுவான். இந்தக் கூட்டத்திலோ மகன்கள் அதைத் தந்தையிடமிருந்து பெறுகிறார்கள். ஆகவே தந்தையின் வித்தில் நேர்ந்த பழுது மறைந்து கிடக்காமல் அடுத்த தலைமுறையிலேயே மகன்களின் நடத்தையில் வெளிப்பட்டுவிடும். பல்லாயிரம் மகன்களை ஒரு சூடான கலத்தில் விட்டு, விழுந்தவற்றைப் பொறுக்கினால் போதும்.

பொறுக்கிய பின்னர்தான் கடினமான பகுதி தொடங்குகிறது. மூளைப் பக்கத்தில் மெல்லிய மின்தூண்டலைச் செலுத்தி, மார்பிலுள்ள பறக்கும் தசையில் விளையும் மின் சலனத்தைப் பதிவுசெய்து, வெப்பம் ஏறும்போது அது எந்தக் கட்டத்தில் அறுந்துபோகிறது என்று பார்க்க வேண்டும். ஈயின் நீளம் மூன்று மில்லிமீட்டர். அதன் தசைக்குள் மின்முனையைச் செருகி நிறுத்துவது எத்தகைய கைப்பழக்கத்தைக் கோரும் என்று சொல்ல வேண்டியதில்லை. இவ்வழியில் மூன்று வகை ஈக்களிலும் நரம்புச் செயல் எவ்வாறு தடைப்படுகிறது என்று ஆராய்ந்து சித்திகியும் பென்ஸரும் 1976-இல் வெளியிட்ட கட்டுரையை, இத்துறையில் புகும் மாணவர் எவரும் தவிர்க்க முடியாது. அந்த மரபணுக்கள் என்ன புரதங்களை ஆக்குகின்றன என்பது அப்போது எவருக்கும் தெரியாது. பிறகு ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. பாரா, நரம்பில் மின்னலையைத் தோற்றுவிக்கும் சோடியம் வாயிலின் மரபணு. ஷிபிரே, நரம்பு முனையில் செய்தி ரசாயனத்தை வெளியிட்டுச் செலவான நுண்பைகளை மீண்டும் உள்ளிழுக்க உதவும் டைனமின் என்ற புரதத்தின் மரபணு. கோமடோஸ், அந்நுண்பைகளின் புரதப் பொறியை அடுத்த முறைக்குத் தயாராக்கும் என்.எஸ்.எஃப். புரதத்தின் மரபணு. நரம்பு பேசுவதற்கு இன்றியமையாத மூன்று உறுப்புகளை, அவற்றின் ரசாயனம் ஏதும் அறியாமலே, சூட்டில் விழும் ஈக்கள் சுட்டிக்காட்டிவிட்டன.

பம்பாய்க்குத் திரும்பிய சித்திகி ஈயைத் தம் பிரிவிலும் வளர்க்கத் தொடங்கினார். அவரிடம் அப்போது மாணவியாக வந்து சேர்ந்தவர் வெரோனிகா ராட்ரிக்ஸ்: கென்யாவில் பிறந்து, உகாண்டாவிலும் டப்ளினிலும் பயின்று, ஆராய்ச்சிக்காகவே இந்தியாவைத் தேர்ந்து வந்தவர். ஈ எவ்வாறு மணத்தை அறிகிறது, சுவையை அறிகிறது என்ற வினாவை இருவரும் கைக்கொண்டனர். அக்காலத்தில் எந்த விலங்கிலும் மணத்தை ஏற்கும் மூலக்கூறு இன்னதென்று தெரியாது. அது எலிகளில் கண்டுபிடிக்கப்பட்டது 1991-இல்தான். இவர்களோ 1978-லேயே, ஒரு கிளையில் மணமும் மறு கிளையில் தூய காற்றும் வரும்படி அமைத்த கண்ணாடிக் குழாய்க்குள் ஈக்களை விட்டு, மணத்தை அறியாத ஈக்களைப் பொறுக்கி, அவற்றின் மரபணுக்களைக் குரோமோசோமில் இடம் குறித்து வெளியிட்டார்கள். சில ஈக்கள் வாதுமை மணமுள்ள பென்ஸால்டிஹைடை மட்டும் அறியவில்லை. வேறு சில பழமணம் வீசும் அசிட்டேட்டுகளை மட்டும் அறியவில்லை. எல்லா மணங்களுக்கும் பொதுவாகக் குறைபட்ட ஒரு வகையும் கிடைத்தது. அதை ஓல்ஃப்-டி என்று அழைத்தார்கள்.

ஓல்ஃப்-டி பற்றிப் பின்னாளில் தெரியவந்த செய்தி என்னை ஒவ்வொரு முறையும் வியப்பில் ஆழ்த்துகிறது. அமெரிக்காவில் ஜான் கார்ல்ஸனும் பேரி கானெட்ஸ்கியும் தம் சகாக்களோடு 1994-இல் காட்டியபடி, மணமறியாத அந்த ஈயின் பழுது இருந்த இடம் வேறெதுவும் இல்லை. சூட்டில் முடங்கும் பாரா ஈயின் பழுது இருந்த அதே சோடியம் வாயிலின் மரபணுதான். ஒரே மனிதர் பாஸடீனாவில் முடக்கத்தையும் பம்பாயில் மணத்தையும் பற்றி இரண்டு தனி வினாக்களை எழுப்பி, இரண்டிலும் தாம் அறியாமலே ஒரே மரபணுவின் வாசலில் போய் நின்றிருக்கிறார். மரபணு ஒன்று, தொழில் ஒன்று என்று எண்ணும் நம் இயல்பான சிந்தனையை இந்த ஒரு செய்தி திருத்திவிடுகிறது. அவ்வரிசையைச் சேர்ந்த ஓல்ஃப்-இ என்னும் மற்றொரு மரபணுவைப் பம்பாயிலேயே கைதி ஹசன் பிரித்தெடுத்து 1990-இல் வெளியிட்டார். வெரோனிகா ராட்ரிக்ஸோ 1988-இல், வெவ்வேறு மணங்கள் ஈயின் மூளையில் உணர்கொம்புக்குரிய மடலின் வெவ்வேறு இடங்களைக் கிளர்ச்சியுறச் செய்கின்றன என்று காட்டினார். மணங்களுக்கு மூளையில் ஒரு நிலப்படம் உண்டு என்ற கருத்து உலகெங்கும் பரவியது அதற்குப் பின்னரே. அவர் 2010-இல் காலமானது இத்துறைக்குப் பேரிழப்பு.

எண்பதுகளில் சித்திகி ஒரு பெரிய ஸ்தாபனத்தைப் பற்றிச் சிந்திக்கலானார். எழுபதுகளில் மஹாபலேஷ்வர் மலையில் அவர் தொடங்கிவைத்த நவீன உயிரியல் கருத்தரங்குகளில், வெளிநாட்டுப் பேரறிஞர்களும் நம் இளம் ஆராய்ச்சியாளர்களும் ஓரிடத்தில் தங்கிச் சமமாக வாதாடிப் பழகியிருந்தார்கள். அந்தப் பழக்கத்துக்கு ஒரு நிரந்தர இல்லம் வேண்டும் என்பது அவர் விருப்பம். டாடா நிலையத்தின் அங்கமாகவே, தேசிய உயிரியல் அறிவியல் மையம் என்ற பெயரில், அது தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பெங்களூரில் உருப்பெற்றது. முதலில் இந்திய விஞ்ஞானக் கழக வளாகத்தில் இடம் பெற்று, பிறகு வேளாண் பல்கலைக்கழக நிலத்தில் தனக்கென எழுந்த கட்டடத்துக்குக் குடிபுகுந்தது. முதல் இயக்குநர் சித்திகி. 1996-இல் அப்பொறுப்பைத் தம்மிடம் பயின்று வளர்ந்த விஜயராகவனிடம் ஒப்படைத்தார். நிர்வாகம் கைக்கு வந்ததும் ஆராய்ச்சியைக் கைவிடுவது நம் நாட்டு விஞ்ஞானிகளைப் பற்றிய நெடுநாள் புகார். சித்திகி ராயல் சொஸைட்டியின் உறுப்பினராக 1984-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட பின்னும், 2006-இல் பத்ம விபூஷண் பெற்ற பின்னும், எண்பது வயதைத் தாண்டியும், இளம் மாணவர்களோடு அமர்ந்து ஈக்களின் மண நினைவைப் பற்றிய பரிசோதனைகளை நடத்திக்கொண்டே இருந்தார். இயக்குநர் பதவியை உரிய காலத்தில் விட்டுக்கொடுத்து மேஜைக்குத் திரும்பியதை, அவர் அந்த ஸ்தாபனத்துக்குச் செய்த உபகாரங்களில் தலையாயதாக நான் எண்ணுகிறேன். அங்கே பின்வந்தவர்கள் எதைப் பெருமையாகக் கருத வேண்டும் என்பதை எந்தச் சட்டவிதியும் அவ்வளவு தெளிவாகச் சொல்லியிராது. பெங்களூரில் ஒரு சாலை விபத்தில் அடிபட்டு, 2013-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 26-ஆம் தேதி அவர் காலமானார்.

ஈ ஒரு மணத்தைக் கற்று, மறக்காமல் வைத்துக்கொண்டு, வேண்டும்போது நினைவுக்குக் கொணர்வது எங்ஙனம் என்பது அவருடைய கடைசி ஆண்டுகளின் வினா. அவ்வினாவைத் தீர்க்க இன்று உலகெங்கும் மரபியலார் கையாளும் முதன்மைக் கருவிகளுள் ஒன்று ஷிபிரே. டோஷிஹிரோ கிடமோட்டோ 2001-இல் வகுத்த முறைப்படி, ஷிபிரேயின் வெப்பத்தால் கெடும் வடிவத்தை ஈயின் மூளையில் விரும்பிய சில நரம்பணுக்களில் மட்டும் இயங்குமாறு புகுத்தி, ஈயைச் சில நிமிஷங்கள் சூடேற்றினால் அந்நரம்புகள் மட்டும் பேசாதிருக்கும். குளிர்வித்தால் மீண்டும் பேசும். ஈ மணத்தைக் கற்கும்போது சூடேற்றியும், பின்பு அதை நினைவுகூரும்போது சூடேற்றியும் பார்த்த ஆராய்ச்சியாளர்கள், மூளையின் காளான் வடிவ உறுப்பிலிருந்து வெளிச்செல்லும் செய்தி கற்பதற்குத் தேவையில்லை, நினைவுகூர்வதற்கே தேவை என்று அதே ஆண்டில் அறிவித்தார்கள். கற்றல் எங்கே, காத்தல் எங்கே, மீட்டல் எங்கே என்று அந்தச் சிறு மூளையை அணு அணுவாக வகுக்கும் பணி அன்று முதல் பெங்களூரிலும் பிற நகரங்களிலும் நடந்துவருகிறது.